ஆவூரின் தபசுகாலம்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், தமிழகத்தின் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு புஷே 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே சிறு கோயில் ஒன்றை எழுப்பினார். பெரிய கோயில் 1747-இல் வந்தது. வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியிருக்கிறார். ஆவூரின் பெயரைச் சுற்றுவட்டாரமெங்கும் கொண்டு சேர்த்தவை தபசுகாலமும், அதன் முடிவில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகமும்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தபசுகாலம் சாம்பல் புதனன்று தொடங்கும். ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள். முந்தைய ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பலைக் குரு நெற்றியில் பூசுவார். ஒருவேளை மட்டும் உண்பது ஒருசந்தி. இறைச்சி விலக்குவது சுத்தபோசனம். அந்த நாட்களில் கல்யாணப் பேச்சே கிடையாது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை நடக்கும்.

இந்த நோன்புக்கு யூத மரபில் மூத்த உறவு ஒன்று உண்டு. எருசலேம் ஆலயம் கி.மு. 586-இல் பாபிலோனியராலும் கி.பி. 70-இல் ரோமராலும் அழிக்கப்பட்டது. அந்தத் துயரத்தை நினைத்து யூதர்கள் தங்கள் நாட்காட்டியின் தம்மூஸ் 17 முதல் ஆவ் 9 வரை மூன்று வாரம் துக்கம் காக்கிறார்கள். அப்போது அவர்களும் திருமணம் நடத்துவதில்லை. கடைசி நாளில் தண்ணீரும் தொடாமல், தோல் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் அமர்ந்து எரேமியாவின் புலம்பலை வாசிப்பார்கள். அதே புலம்பல் கத்தோலிக்கரின் பரிசுத்த வாரத்திலும் ஒலித்தது. பழைய ரோமைச் சடங்கில், முக்கோணத் தண்டில் ஏற்றிய 15 மெழுகுவத்திகளைச் சங்கீதம் முடிய முடிய ஒவ்வொன்றாக அணைப்பார்கள். கடைசி வத்தியை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவைத்து, இருட்டில் பலகைகளைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். ஆலயத்தை இழந்தவர்களின் அழுகை சிலுவைச் சாவுக்கான அழுகையானது இப்படித்தான்.

வெறும் வயிறு மட்டும் என்றால் அது பட்டினி. துக்கம் சேரும்போதுதான் நோன்பு. பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு மூட்டாத தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோவாவிலிருந்து 1705-இல் இலங்கை சென்ற குரு யாக்கோமே கொன்சால்வெஸ் இதை நன்கு அறிந்திருந்தார். அவர் எழுதிய வியாகுல பிரசங்கம், கேட்பவர் கண் கலங்கும்படி ராகமிட்டு வாசிக்கப்படும் நூல். தபசுகாலத்தின் பொருளை அறிவுரையைவிட அந்த அழுகுரலே மக்களிடம் கொண்டு சேர்த்தது.

20-ஆம் நூற்றாண்டில் விதிகள் தளர்ந்தன. 1955-இல் பரிசுத்த வாரச் சடங்குகள் திருத்தப்பட்டன. 1966-இல் ஒருசந்திக் கடமை சாம்பல் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகச் சுருங்கியது. இவற்றுக்கு இடையே, 1965-இல், அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது: இயேசுவின் மரணப் பழியை யூத இனத்தின் மேல் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. பாடுகளின் நாடகங்கள் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக அந்தப் பழியைப் பரப்பி வந்தவை. பாஸ்கா மேடை ஏறும் எந்த ஊரும் இந்த அறிவிப்பை மறக்கக் கூடாது.

ஆவூரில் பாஸ்கா இன்றும் ஈஸ்டரை ஒட்டி நடக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் தேரோட்டத்துக்கு எல்லா மதத்தாரும் திரளுகிறார்கள்.