ரிப்பனின் நிறம் மாறிய கதை

அக்டோபர் பிறந்தால் மருத்துவமனை வாசல் முதல் விளம்பரப் பலகை வரை இளஞ்சிவப்பு ரிப்பன்தான். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கானது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு பீச் பழ நிறத்தில் ஒரு ரிப்பன் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி பென்னி லெய்ங்கன் வீட்டு ஓக் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார். 444 நாள் கழித்து அவர்கள் விடுதலையாவதற்குள் நாடெங்கும் மஞ்சள் ரிப்பன். 1991இல் நியூயார்க் கலைஞர்கள் சிலர் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சிவப்பு ரிப்பனை உருவாக்கினார்கள். இது யாருக்கும் சொந்தமில்லை, இதை வைத்து யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்றும் முடிவு செய்தார்கள். இதை நினைவில் வையுங்கள்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற 68 வயது அம்மையார் இருந்தார். பாட்டி, சகோதரி, மகள் என்று மூன்று தலைமுறையில் மார்பகப் புற்றுநோயைப் பார்த்தவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீச் நிற ரிப்பன்களைத் தம் கையாலேயே செய்தார். ஐந்து ரிப்பனுக்கு ஓர் அட்டை. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் தடுப்புக்குப் போவது 5 சதவீதம் மட்டுமே, நம் பிரதிநிதிகளை எழுப்புங்கள் என்பது அட்டையின் சாரம். ஆயிரக்கணக்கில் கொடுத்தார்.

1992இல் 'செல்ஃப்' பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் அவரைத் தேடி வந்தன. சேர்ந்து செய்வோம் என்றார்கள். இது வியாபாரமாகிவிடும் என்று அம்மையார் மறுத்துவிட்டார். பத்திரிகையின் வழக்கறிஞர்கள் சொன்ன யோசனை எளிது: நிறத்தை மாற்றிவிடுங்கள். இளஞ்சிவப்பு வந்தது இப்படித்தான். (ஒரு புற்றுநோய் அறக்கட்டளை 1991லேயே நியூயார்க் ஓட்டப் பந்தயத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன் கொடுத்திருக்கிறது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது 1992க்குப் பிறகுதான்.)

புதிய ரிப்பனோடும் ஓர் அட்டை கொடுத்தார்கள். மார்பைச் சுயபரிசோதனை செய்வது எப்படி என்று அதில் இருந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு வெள்ளை மாளிகைக்குக் கையெழுத்தும் திரட்டினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹேலியின் அட்டை அரசிடம் கணக்குக் கேட்டது. இந்த அட்டையோ பெண்ணுக்கு வேலை சொன்னது.

பிறகு தயிர் மூடி, கார், காலணி என்று ரிப்பன் ஏறாத பொருள் இல்லை. விற்ற பணத்தில் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று 2002இல் சான் பிரான்சிஸ்கோவின் 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்' அமைப்பு கேட்கத் தொடங்கியது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.