ஞாயிறு விளையாடாத வீரர்



கடந்த மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தான். ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன். இந்தப் பருவத்தில் அவனுடைய போட்டிகளில் பாதி ஞாயிறு காலையில்தான். "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை விளையாடினால் பாவமா?" என்று கேட்டான். அவனுடைய அம்மாவும் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எதிர்பார்த்த பதில் ஒன்று, தாய் எதிர்பார்த்த பதில் வேறொன்று. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. அதே கேள்விக்குத் தன் வாழ்க்கையால் பதில் சொன்ன ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை இந்த இதழில் எழுதுகிறேன். அவர் பெயர் மைக்கல் ஜோன்ஸ்.

ஜோன்ஸ் 1965ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் பிறந்தார். தாயார் சமோவா நாட்டவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த ஜோன்ஸ், நகரின் மேற்குப் பகுதியில் வளர்ந்தார். சமோவா பசிபிக் சமுத்திரத்தில் உள்ள சிறு தீவு நாடு. அங்கிருந்து வேலை தேடி ஒக்லண்டுக்கு வந்த குடும்பங்கள் பல. நம் பெற்றோர் ரொறன்ரோவுக்கு வந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் போன இடத்தில் முதலில் தேடியது ஆலயத்தைத்தான்.

சமோவாவுக்கு 1830இல் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஜோன் வில்லியம்ஸ். அதே சங்கத்தின் மிஷனரியான ரிங்கல்தௌபே 1806இலேயே கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடிக்கு வந்திருந்தார். ஆகவே நம் சபையில் உள்ள நாகர்கோவில் குடும்பங்களுக்குச் சமோவாச் சபைகள் ஒருவகையில் சொந்தக்காரர்கள். சமோவாக்காரர் வீட்டில் ஞாயிறு என்றால் ஆராதனை, பிறகு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் பெரிய மத்தியான உணவு, அதன்பின் ஓய்வு. ஜோன்ஸ் இந்த வழக்கத்தில் வளர்ந்தவர்.

ரக்பி விளையாட்டை இலங்கையில் படித்த நம் அப்பாமார் அறிவார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுவதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் உற்சாகமாகக் கதைப்பார்கள். ஓர் அணியில் 15 பேர். அவர்களில் 8 பேர் முன்வரிசைக்காரர். மோதுவதும் தள்ளுவதும் பந்தைப் பறிப்பதும் அவர்கள் வேலை. ஜோன்ஸ் அந்த எட்டுப் பேரில் பக்கவாட்டில் நிற்கும் பிளாங்கர். எதிரணி வீரனை முதலில் ஓடிப்போய் மறித்து வீழ்த்த வேண்டியவர் இவர்தான். இவ்வளவு கடுமையாக மோதுகிற நீங்கள் எப்படிக் கிறிஸ்தவராக இருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்களாம். வாங்குவதைவிடக் கொடுப்பது நல்லது என்றுதானே வேதத்தில் இருக்கிறது என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னதாக ரக்பி ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள்.

1986இல் அவர் தாயின் நாட்டுக்காக, மேற்குச் சமோவா அணியில், வேல்ஸுக்கு எதிராக ஒரு போட்டியில் விளையாடினார். அடுத்த வருடமே நியூசிலாந்தின் 'ஓல் பிளாக்ஸ்' அணிக்குத் தெரிவானார். 1987இல்தான் ரக்பி உலகக் கிண்ணம் முதன்முறையாக நடந்தது. ஒக்லண்டில் இத்தாலிக்கு எதிரான ஆரம்பப் போட்டியில், உலகக் கிண்ண வரலாற்றில் முதல் ட்ரை வைத்த வீரர் என்ற பெயர் ஜோன்ஸுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

ஆனால் அணிக்குள் வரும்போதே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட மாட்டேன். அந்த உலகக் கிண்ணத்தில் வேல்ஸுடனான அரையிறுதி ஜூன் 14, ஞாயிறு. ஜோன்ஸ் விளையாடவில்லை. அவர் இல்லாமலே அணி 49-6 என்று வென்றது. இறுதிப்போட்டி சனிக்கிழமை. அதில் இறங்கி ஒரு ட்ரையும் வைத்தார். நியூசிலாந்து பிரான்ஸை 29-9 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால், "கர்த்தரைக் கனம்பண்ணினார், கர்த்தர் அவரைக் கனம்பண்ணினார்" என்று எல்லோரும் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கதை அங்கே முடியவில்லை. 1989இல் அவருக்கு முழங்காலில் மிக மோசமான காயம். அதிலிருந்து மீண்டு 1991 உலகக் கிண்ணத்துக்கு வந்தார். இங்கிலாந்துக்கு எதிரான முதல் போட்டியில் இரு அணிகளுக்குமாக வைக்கப்பட்ட ஒரே ட்ரை அவருடையது. பிறகு காலிறுதி வந்தது. எதிரணி எது தெரியுமா? நம்முடைய கனடா! கனடா உலகக் கிண்ணக் காலிறுதிக்கு வந்தது அந்த ஒருமுறைதான். பிரான்ஸின் லீல் நகரில், அக்டோபர் 20, ஞாயிறு. ஜோன்ஸ் விளையாடவில்லை. நியூசிலாந்து 29-13 என்று வென்றது.

அரையிறுதி அடுத்த ஞாயிறு, டப்ளினில், அவுஸ்திரேலியாவுடன். அன்றும் அவர் விளையாடவில்லை. இந்தமுறை நியூசிலாந்து 16-6 என்று தோற்றது. கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்குப் போனது. ஜோன்ஸ் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நியூசிலாந்து ரசிகர்கள் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1995இல் விலை இன்னும் கூடியது. தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தின் காலிறுதி, அரையிறுதி இரண்டும் ஞாயிறு. தேர்வாளர்கள் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு வீரருக்காக இரண்டு முக்கிய போட்டிகளைச் சமாளிக்கும் பாரம் மற்ற வீரர்கள்மேல்தானே விழும்?

அதே ஆண்டு ஓகஸ்டில் ரக்பி யூனியன் சம்பளம் வாங்கும் விளையாட்டாக மாறியது. ஜோன்ஸ் தன் நிலையை மாற்றாமலே தொழில்முறை வீரரானார். ஒக்லண்ட் புளூஸ் அணியில் 1996, 1997 இரு வருடமும் சுப்பர் 12 வெற்றிக் கிண்ணம். 1996இல் தென்னாபிரிக்க மண்ணில் நியூசிலாந்து முதன்முறையாகத் தொடரை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். 1998இல் சர்வதேச ஆட்டத்தை முடித்தபோது நியூசிலாந்துக்காக 55 டெஸ்ட் போட்டிகள் ஆடியிருந்தார். பின்னர் 2004 முதல் 2007 வரை சமோவா தேசிய அணிக்குப் பயிற்சியாளராகத் தாயின் நாட்டுக்குத் திரும்பினார். ஒக்லண்டில் பசிபிக் இளையோருக்காக உழைத்தார். 2017இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது பசிபிக் சமூகத்துக்கும் இளையோருக்கும் செய்த சேவைக்காக.

ஓய்வுநாள் பாடசாலையில் நாம் எல்லோரும் எரிக் லிடெலின் கதையைக் கேட்டிருக்கிறோம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறன்று 100 மீற்றர் ஓட மறுத்தவர். அவரும் ஸ்கொட்லாந்துக்காக ரக்பி ஆடியவர்தான். ஆனால் லிடெலுக்கு 400 மீற்றர் என்று வேறோர் ஓட்டம் இருந்தது. அதில் தங்கமும் கிடைத்தது. ஜோன்ஸுக்கு 1991இல் வேறோர் அரையிறுதி இல்லை. 1995இல் அணியில் இடமே இல்லை. கீழ்ப்படிந்தால் தங்கம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமானால், தங்கம் கிடைக்காத அன்று அவர்கள் விசுவாசத்தையே விட்டுவிடுவார்கள். அதனால்தான் லிடெலின் கதையோடு ஜோன்ஸின் கதையும் நமக்குத் தேவை.

இனி நம் ஊருக்கு வருவோம். ரொறன்ரோவில் ரக்பி பார்த்தவர்களுக்கு கிங் வீதி மேற்கில் உள்ள லம்போர்ட் மைதானம் தெரிந்திருக்கும். ரொறன்ரோ அரோஸ் என்ற தொழில்முறை அணி அங்கே ஆடியது. அந்தப் பெயருக்குரிய அலன் லம்போர்ட் யார்? ஞாயிறு விளையாட்டை இந்த நகரத்தில் அனுமதிக்க வேண்டும் என்று போராடிய அரசியல்வாதி. 1906இல் வந்த கர்த்தருடைய நாள் சட்டம் கனடா முழுவதும் ஞாயிறு வியாபாரத்தையும் கட்டணம் வாங்கும் விளையாட்டையும் தடுத்தது. ரொறன்ரோ அதில் மிகக் கண்டிப்பான நகரம். 1950 ஜனவரியில் மக்கள் வாக்களித்து, சிறு வித்தியாசத்தில் ஞாயிறு விளையாட்டுக்கு வழி திறந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. ஒன்ராறியோவில் கடைகள் ஞாயிறுகளில் தாராளமாகத் திறந்தது 1992இல்தான்.

அதாவது, நம் பெற்றோரில் பலர் இங்கே வந்த நாட்களில் நகரமே ஞாயிறு ஓய்ந்திருந்தது. ஆனாலும் அவர்களில் எத்தனையோ பேர் ஞாயிறு காலை உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, பின்னேரம் இரவல் ஆலயத்தில் நடந்த தமிழ் ஆராதனைக்கு ஓடி வந்தார்கள். அவர்களை யாரும் பாவிகள் என்று சொல்லவில்லை. ரோமர் 14ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நாட்களைப் பற்றிய காரியத்தில் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்பதே பவுலின் புத்தி. சமோவா அணியும் 1991இல் வேல்ஸை வென்று உலகத்தை வியக்கவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆகவே அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஜோன்ஸிடம் நான் கற்றது மூன்று. முதலாவது, அவர் தன் நிலையை முதலிலேயே சொன்னார். போட்டிக்கு முதல்நாள் இரவு சொல்லவில்லை. இரண்டாவது, அதற்குரிய விலையைத் தானே கொடுத்தார். மூன்றாவது, அது அவராக எடுத்த தீர்மானம். ஒரு சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

தம்பி, நீ ஞாயிறு விளையாடுவதா விடுவதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணை உனக்காகத் தீர்மானிக்க விடாதே. முழங்காலில் நின்று நீ தீர்மானி. தீர்மானித்ததைப் பருவம் தொடங்கும்போதே பயிற்சியாளரிடம் மரியாதையாகச் சொல். பெற்றோரே, பிள்ளை எடுக்கும் தீர்மானத்துக்கு நேரம் கொடுங்கள், அவனோடு சேர்ந்து ஜெபியுங்கள். அவன் ஒரு போட்டியை இழந்து வீட்டுக்கு வந்தால், "கர்த்தர் வேறு தருவார்" என்று உடனே சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு போடுங்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அதற்கும்தான்.