சுவா சூ காங் வட்டாரத்தில் வலசைக்காலப் பறவைநோக்கு

சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள சுவா சூ காங் நகரும் அதற்கு அப்பால் கடற்கரை வரை விரியும் கிராஞ்சி, லிம் சூ காங் பகுதிகளும் நாட்டின் முதன்மையான பறவைநோக்கு வட்டாரங்களுள் ஒன்று. ஏறத்தாழ செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, வடக்கு ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளைக் காண ஆர்வலர்கள் இங்குள்ள ஈரநிலப் பூங்காக்களிலும் இயற்கைப் பாதைகளிலும் நடைபயணம் மேற்கொள்கின்றனர். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம், கிராஞ்சி சதுப்புநிலம் ஆகியவை இந்நடைகளின் மையங்கள். இவ்விரண்டும் மனிதக் கை படாத காடுகள் அல்ல. முன்னது கைவிடப்பட்ட இறால் குட்டைகளிலிருந்தும் பின்னது அணைநீர் புகுந்த தாழ்நிலத்திலிருந்தும் உருவானவை. இன்றும் அவை பறவைக்கு உகந்த இடமாக நீடிப்பது தொடர்ந்த பராமரிப்பால்தான்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் மிளகும் கம்பீர் என்னும் செடியும் பயிரிட்டனர். பின்னர் காய்கறி, கோழி, பன்றிப் பண்ணைகளும், கடலோரத்தில் இறால் குட்டைகளும் பெருகின. உயர் ஓதத்தில் மதகைத் திறந்து கடல்நீரோடு இறாலைக் குட்டைக்குள் விடுவதும், ஓதம் வற்றும்போது மதகில் வலை கட்டிப் பிடிப்பதும் இக்குட்டைகளின் வழக்கம். ஆழமில்லாத உவர்நீரும் சேறும் நிறைந்திருந்ததால், கடற்கரைச் சேற்றில் இரை தேடும் பறவைகளுக்கு அவை இயல்பாகவே பொருந்தின.

1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் திரளாகத் தங்குவதைக் கவனித்தனர். வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த அந்நிலத்தைப் பறவைகளுக்காகக் காக்கும்படி அவர்கள் அரசிடம் முன்மொழிந்தனர். 87 ஹெக்டேர் பரப்பு 1989இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6 அன்று அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்துவைத்தார். 2002இல் பரப்பு 130 ஹெக்டேராக விரிந்து, சட்டப் பாதுகாப்புப் பெற்ற காப்பகமாயிற்று. 2003இல் சிங்கப்பூரின் முதல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிட்டியது. 2014இல் கிராஞ்சி வேயை ஒட்டிய விரிவாக்கப் பகுதியும் புதிய வருகையாளர் மையமும் திறக்கப்பட்டன.

கிராஞ்சி சதுப்புநிலத்தின் கதை வேறு. 1970களில் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டப்பட்டு நீர்த்தேக்கம் உருவானபோது, கரையோரத் தாழ்நிலங்களில் நன்னீர் புகுந்து சதுப்பாயிற்று. 56.8 ஹெக்டேர் கொண்ட இப்பகுதி சீரமைக்கப்பட்டு 2016 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வலசைக்காலம்

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் குளிர்காலம் என்று ஒன்றில்லை. வடகிழக்குப் பருவக்காற்றும் டிசம்பர், ஜனவரி மாத மழையுமே இங்குள்ள வேறுபாடு. ஆயினும் சைபீரியாவிலும் வடகிழக்கு ஆசியாவிலும் நிலம் உறையத் தொடங்கும் முன்பே பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுவதால், முதல் வரவுகள் ஆகஸ்டிலேயே தென்படும். செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் கூடும். ஒரு பகுதி இளைப்பாறிவிட்டு மேலும் தெற்கே சுமத்ரா, ஆஸ்திரேலியா எனப் பறந்துவிடும். எஞ்சியவை மார்ச் வரை தங்கும்.

இவை பயன்படுத்துவது கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப்பாதை. அலாஸ்கா, ரஷ்யாவின் வடதுருவப் பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 22 நாடுகளைத் தழுவும் இப்பாதையில் ஆண்டுதோறும் ஐந்து கோடி நீர்ப்பறவைகள் பயணிப்பதாகக் கணிக்கப்படுகிறது.

ஓதமும் நடைநேரமும்

காட்டுப் பறவைகளைக் காண விடியற்காலை ஏற்றது என்பது பொது விதி. கரைப்பறவைகளுக்கோ கடலின் ஓதமே கடிகாரம். ஜொகூர் நீரிணையில் நீர் வற்றியிருக்கும்போது, மண்டாய் முதலிய சேற்றுத்திட்டுகளில் பறவைகள் பரவி மேயும். தொலைவில் இருப்பதால் அவற்றை இனம் பிரித்தறிவது கடினம். நீர் ஏறி சேறு மூழ்கியதும் அவை கூட்டமாகக் கிளம்பி, சுங்கை பூலோவின் பழைய குட்டைகளில் வந்து இறங்கி ஓய்வெடுக்கும். குட்டைகளின் நீர்மட்டத்தைக் காப்பக ஊழியர்கள் மதகுகளால் கட்டுப்படுத்துவதால், வெளியே கடல் நிறைந்திருக்கும் வேளையிலும் உள்ளே பறவை நிற்கச் சேறு கிடைக்கிறது. இறால் பிடிக்கக் கட்டிய மதகின் அதே உத்திதான் இங்கு பறவைக்குப் பயன்படுகிறது.

எனவே அனுபவமுள்ளவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, உயர் ஓதத்துக்குச் சற்று முன்பாகவே பறவைநோக்கு மறைவிடத்தில் இடம்பிடித்துவிடுவர். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் ஓதம் அன்றாடம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்த வாரம் காலையில் வாய்த்த காட்சி அடுத்த வாரம் நண்பகலில்தான் வாய்க்கும்.

முக்கியப் பறவைகள்

சுங்கை பூலோவில் 200க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. வலசைக் கரைப்பறவைகளில் எளிதில் காணக்கூடியவை பவளக்காலி, பச்சைக்காலி, வளைந்த நீள்அலகு கொண்ட சிறு கோட்டான், பொன்னிற உப்புக்கொத்தி ஆகியவை. சதுப்புமண் உள்ளான், மணல் உப்புக்கொத்திகள், மூக்கன்கள் ஆகியவை எண்ணிக்கையில் குறைவு. சாம்பல் நாரை, கம்புள் கோழி, வெண்வயிற்றுக் கடற்கழுகு, செம்பருந்து ஆகியவை ஆண்டு முழுவதும் இருப்பவை. பறவைகளோடு உவர்நீர் முதலை, நீருடும்பு, நீர்நாய் ஆகியவையும் தென்படும். முதலை நடமாட்டம் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் பாதையோரம் வைக்கப்பட்டுள்ளன.

கிராஞ்சியின் நன்னீர்ச் சூழலில் நீலத் தாழைக்கோழி, ஆள்காட்டி, குருகுகள், தூக்கணாங்குருவி ஆகியவற்றைக் காணலாம். லிம் சூ காங் பண்ணைச் சாலைகளின் புல்வெளிகளில் மின்கம்பியிலும் வேலியிலும் அமர்ந்திருக்கும் நீலவால் பஞ்சுருட்டானும் பழுப்புக் கீச்சானும் வலசைக்காலத்தின் வழக்கமான அடையாளங்கள்.

நடைபாதைகள்

சுங்கை பூலோவின் வலசைப் பறவைப் பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. ஆற்றின் மேலுள்ள முதன்மைப் பாலம், மறைவிடங்கள், கண்காணிப்புக் கோபுரம் ஆகியவை இதில் அடங்கும். கடலோரப் பாதையிலிருந்து நீரிணையையும் எதிர்க்கரையான ஜொகூரையும் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் செல்லலாம். கிராஞ்சி சதுப்புநிலத்தில் வேட்டைப்பறவைகளைப் பார்ப்பதற்கென உயரமான கோபுரம் ஒன்று உண்டு. அதன் உட்பகுதி பறவைகளின் அமைதிக்காகக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டுள்ளது.

இவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு நகருக்குள்ளேயே வாய்ப்புண்டு. சுவா சூ காங், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிகளுக்கிடையே ஓடி கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் சேரும் பாங் சுவா கால்வாயையொட்டிய பூங்கா இணைப்புப் பாதையில் கொக்கு, நாரை, மீன்கொத்திகளைப் பார்க்கலாம்.

ஆய்வு

பறவைகளைப் பிடித்து அளந்து, காலில் வளையமும் நிறக்கொடியும் மாட்டி விடும் பணி சுங்கை பூலோவில் நீண்டகாலமாக நடைபெறுகிறது. வலசைப்பாதை நாடுகள் தத்தமக்கென நிறச் சேர்க்கைகளை வைத்திருப்பதால், தொலைநோக்கியில் கொடியைப் பார்த்தே ஒரு பறவை எங்கே குறியிடப்பட்டது என்று சொல்லிவிடலாம். இங்கு இடமறியும் கருவி பொருத்தப்பட்ட பவளக்காலிகள் திபெத்தியப் பீடபூமியில் இனப்பெருக்கம் செய்வதும், அவற்றுள் சில இமயமலையைக் கடந்து செல்வதும் 2020இல் வெளியான ஆய்வுக்கட்டுரையால் தெரியவந்தன. மேலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் ஆர்வலர்களும் பங்கேற்கின்றனர். பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் தமிழகத்துத் தன்னார்வலர்கள் எண்ணுவது இதே கணக்கெடுப்புக்காகத்தான். அங்குள்ள பறவைகள் பெரும்பாலும் மத்திய ஆசிய வலசைப்பாதையைச் சேர்ந்தவை என்றாலும், பவளக்காலி, சிறு கோட்டான் போன்ற இனங்கள் இரு கரைகளுக்கும் பொது.

நடத்தை நெறிகள்

பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலித்து வரவழைப்பது, இரை வைத்துப் படமெடுப்பது, ஓய்வெடுக்கும் கூட்டத்தை நெருங்கிக் கிளப்புவது ஆகியவை தவறாகக் கருதப்படுகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த கரைப்பறவைக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் சேர்த்த கொழுப்பின் இழப்பு. 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

சிங்கப்பூரில் எவ்வளவு பேணினாலும், வழியிலுள்ள நிறுத்தங்கள் அழிந்தால் பறவைகள் குறையும். சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலில், ஐம்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு வரையிலான ஓதச் சேற்றுநிலம் அழிந்துள்ளது. உள்நாட்டில் நிலப்பற்றாக்குறையே பெருஞ்சிக்கல். சுவா சூ காங்கை அடுத்த தெங்கா காட்டுப்பகுதி புதிய வீடமைப்பு நகராக மாறிவருகிறது. அங்கே ஐந்து கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட காட்டு வழித்தடம் ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. 2020இல் தேசியப் பூங்காக் கழகம் அறிவித்த சுங்கை பூலோ இயற்கைப் பூங்கா வலையமைப்பு, காப்பகத்துடன் கிராஞ்சி சதுப்புநிலம், மண்டாய் அலையாத்திக் காடும் சேற்றுத்திட்டும், லிம் சூ காங் இயற்கைப் பூங்கா ஆகியவற்றை இணைத்து 400 ஹெக்டேருக்கு மேல் பரவுகிறது. தாழ் ஓதத்தில் பறவைகள் மேயும் மண்டாயும் உயர் ஓதத்தில் அவை ஓய்வெடுக்கும் சுங்கை பூலோவும் ஒரே திட்டத்தின்கீழ் வந்திருப்பது இதன் முதன்மைப் பயன். இவற்றில் ஒன்று அழிந்தால் மற்றொன்றால் மட்டும் கரைப்பறவைகளைத் தாங்க முடியாது.