இராகுவும் அறிஞர் அல்பிரூனியும்

2019 டிசம்பர் 26ஆம் நாள் காலை, கொல்லிமலைக்கு மேலே எழுந்த ஞாயிற்றைச் சந்திரன் மறைக்கத் தொடங்கிற்று. கோவை, திண்டுக்கல் பகுதிகளில் அது நெருப்பு வளையமாய்த் தோன்றியது. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்திலும் பெரும்பகுதி மறைந்தது. கிரகண வேளையில் கோயில்கள் நடை சாத்துவது அவர்தம் மரபு. அதுபற்றி நாம் பேச வரவில்லை. கர்ப்பிணிப் பெண்ணை அறைக்குள் அடைத்து, கத்தியும் அரிவாள்மணையும் தொடவிடாமல் காக்கும் அச்சம் நம் வீடுகளிலும் குடிபுகுந்திருக்கின்றதே, அதன் மூலத்தையே நாம் ஆராய விழைகின்றோம்.

அமுதம் உண்ட அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக் கொடுத்தனர். திருமால் அவன் தலையைத் துணித்தார். தலை இராகுவாகவும் உடல் கேதுவாகவும் நின்று, பழைய பகைக்காக அவ்விரு சுடர்களையும் விழுங்குகின்றன என்பது புராணம். ஒன்பது கோள்களில் கண்ணுக்குத் தெரியாத இவ்விரண்டும் உண்மையில் கோள்களே அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே இராகு, கேது. அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து சுமார் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கும். 499இல் ஆரியபட்டர், கிரகணம் நிழலால் நேர்வதென்று தெளிவாக எழுதிவிட்டார்.

எட்டாம் நூற்றாண்டில் இந்தியக் கணிதம் பகுதாது சென்றது. அரபு வானியலார் அப்புள்ளிகளை ‘ரஃஸ்’, ‘தனப்’ (தலை, வால்) என்று வழங்கினர். பாம்பின் பெயர் எஞ்சிற்று. கணக்கில் பாம்பு இல்லை.

1030 அளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அல்பிரூனி, கிரகணத்திற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நிழலே காரணம் என்ற வராகமிகிரரை மனமாரப் பாராட்டினார். பிரம்மகுப்தரோ நிழற்கணக்கில் வல்லவராயிருந்தும், தலை விழுங்கும் கதைக்கு இணங்கி எழுதியிருந்தார். அது மனச்சான்றுக்கு மாறானது என்று அல்பிரூனி கண்டித்தார். ஆயினும், உண்மை பேசிய சாக்ரடீசுக்கு நேர்ந்த கதியை எண்ணி அஞ்சியிருக்கலாம் என்று அவருக்காக இரங்கவும் செய்தார். மாற்றாருடைய அறிவை இத்துணை நடுநிலையோடு எடைபோட்டவர் அக்காலத்தில் அரியர்.

அல்பிரூனிக்கு அச்சமில்லாமைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 10இல் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பாலகர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அது 632 ஜனவரி 27ஆக இருக்கலாம் என்பர். அம்மரணத்திற்காகவே ஞாயிறு இருண்டது என்று மக்கள் கூறலாயினர். துயருற்ற தந்தைக்கு ஆறுதலும் பெருமையும் தரும் பேச்சு அது. வாய்மூடியிருந்தாலே அது நிலைபெற்றிருக்கும். அண்ணலாரோ, அவை அல்லாஹ்வின் இரு அத்தாட்சிகள். எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் மறைவதில்லை என்று அறிவித்துத் தொழுகைக்கு அழைத்தார்கள்.

நம் தமிழகக் கணிதரையும் ஈண்டு மறத்தலாகாது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் அடுக்கி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, 1825இன் சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்னும் அதிகாரி பதிவு செய்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. முடிவு நேரத்தில்தான் ஐம்பது நிமிடத்தையும் தாண்டிற்று. அவர் சோழிகளிலும் இராகு இருந்தான், ஓர் எண்ணாக.

கிரகணத் தொழுகை இரண்டு ரக்அத்துகள். ஷாஃபிகள் ஒவ்வொரு ரக்அத்திலும் இரு ருகூஉ செய்வர். ஹனஃபிகள் வழக்கமான தொழுகை போலவே தொழுவர். இரு முறையிலும் கர்ப்பிணிக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. வெறுங்கண்ணால் சூரியனை நோக்கலாகாது என்ற எச்சரிக்கை மட்டும் அனைவருக்கும் பொது. 2027 ஆகஸ்டு 2ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின் நிழற்பாதை திருமக்கா மீது செல்லவிருப்பதாகக் கணித்துள்ளனர்.