எஸ் 52 முதல் இசட் 87 வரை

டப்ளின் நகரின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் ஒரு கட்டுரை எழுதினார். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டிலிருந்து ஒன்றரை அங்குலம் மேலே ரேடியஸ் எலும்பு முறிவதை அதில் விவரித்திருந்தார். எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. விரலால் தொட்டும் அழுத்தியும் அறிந்ததைக் கொண்டே எழுதினார். அந்த முறிவு இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகளில் 2015 செப்டம்பர் வரை அதற்கு 813.41 என்று ஓர் எண் இருந்தது. முறிந்தது இடக்கையா வலக்கையா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற புதிய நோய்க் குறியீட்டுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதே முறிவு எஸ் 52.531ஏ ஆயிற்று. எஸ் என்றால் காயம், 52 முன்கை எலும்பு முறிவு, 5 ரேடியஸின் கீழ்முனை, 3 காலிஸ் வகை, 1 வலக்கை. கடைசியில் நிற்கும் ஏ, தோல் கிழியாத முறிவுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறது.

ஒஹையோவில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண் பனியில் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரப் பிரிவு மருத்துவர் எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டுப் போடுகிறார். குறிப்பைச் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்த சார்ட் சென்னையிலோ திருச்சியிலோ, மருத்துவக் குறிப்புகளை இந்தக் குறியீடுகளாக மாற்றும் ஒரு கோடரின் திரைக்கு வருகிறது. நர்சிங்கோ பார்மசியோ உயிரியலோ படித்தவர். அந்தப் பெண்ணை ஒருநாளும் பார்க்கப்போகாதவர்.

மருத்துவர் எழுதாமல் விட்ட சிலவற்றுக்கு விதியே பதில் வைத்திருக்கிறது. தோல் கிழிந்ததா என்று எழுதவில்லையா, கிழியாத முறிவு. எலும்பு விலகியதா என்று எழுதவில்லையா, விலகியது. ஆனால் எந்தக் கை என்பதற்கு அப்படி ஒரு விதி கிடையாது. குறிப்பு முழுவதிலும் தேடியும் பக்கம் கிடைக்காமல் பொதுவான கோடு போட்டால், காப்பீட்டு க்ளைம் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

பணம் வருவதும் வராததும் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு உண்மையில் முக்கியமான இடம் வேறு. மருந்துப் பட்டியலில் அலென்ட்ரோனேட் இருக்கிறது. எலும்பு வலுவிழப்புக்குக் கொடுக்கும் மாத்திரை. நோயின் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. மாத்திரையை வைத்து நோயை ஊகிக்க கோடருக்கு உரிமை இல்லை. நேரம் ஓடுகிறது, அடுத்த சார்ட் காத்திருக்கிறது. எஸ் 52 போட்டு முடித்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நல்ல கோடர் அங்கே நின்று மருத்துவருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்புகிறார். பதிலை அவர் வாயில் திணிக்காமல், இந்த மருந்து எதற்காக என்று மட்டும் கேட்கிறார். இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பெரிய மரியாதை இந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

வயது முதிர்வால் வந்த எலும்பு வலுவிழப்பு, இந்த முறிவும் அதனால்தான் என்று மருத்துவர் பதில் எழுதினால் எஸ் விலகி, எலும்பு தசை நோய்களுக்கான எம் வந்துவிடும்: எம் 80.031ஏ. நலமான எலும்பை முறிக்காத சிறு விழுகை வலுவிழந்த எலும்பை முறித்தால், அதை வெறும் காயமாகப் பதியக் கூடாது என்பது விதி. எஸ் என்று நின்றிருந்தால் பழி முழுக்கப் பனிமேல் விழுந்திருக்கும். மணிக்கட்டு முறிவு பல முதியவர்களுக்கு முதல் எச்சரிக்கை. பின்னால் இடுப்பெலும்பு முறியலாம். எம் என்ற எழுத்தைப் பார்க்கும் அடுத்த மருத்துவருக்கு, கொடுக்கும் மாத்திரை போதுமா என்று கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது.

பிறகு வரும் வருகைகளின் சார்ட்டுகளும் இதே வழியில் வரும். எலும்பு ஒழுங்காகக் கூடிவந்தால் கடைசி எழுத்து டி. கோணலாகக் கூடினால் பி. கூடவே இல்லையென்றால் கே. முழுக்க ஆறிய பின் எம் 80 எடுக்கப்பட்டு, இப்போது முறிவில்லாத எலும்பு வலுவிழப்பு என்று எம் 81.0 வரும். அதன் பக்கத்தில், முன்பு இந்நோயால் எலும்பு முறிந்து ஆறியவர் என்று இசட் 87.310 சேரும்.