முடியில் ஆரம்பிச்ச மேடுபள்ளம்

இன்னைக்கு ராஜா, போர் எதுவும் கிடையாது. சில ஆங்கிலச் சொற்களோட வரலாறு மட்டும்தான்.

என் முதல் வேலையில ஒரு சோப்புக்கு ஆங்கிலத்துல விளம்பரம் எழுதினேன். சொரசொரப்பான தோலுக்கு 'ரக்கெட்'னு போட்டேன். மீட்டிங்ல அதைச் சத்தமா வாசிச்சாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. என்ன தப்புன்னு மட்டும் யாரும் சொல்லலை. அகராதியில ரஃப், ரக்கெட் ரெண்டுக்கும் 'கரடுமுரடான'ன்னுதான் இருந்தது. அதுக்கப்புறம் ரொம்ப நாள் நான் 'ரஃப்'பைத் தாண்டவே இல்லை.

பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, ரெண்டுமே முடியில ஆரம்பிச்ச சொற்கள். பழைய ஆங்கிலத்துல ரஃப்போட மூலச்சொல்லுக்கு முடி அடர்ந்தது என்றும் பொருள் உண்டு. ரக்கெட் 1300 வாக்கில் வருகிறது; அதுவும் சடைமயிர்தான். 'மெக்பெத்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் ரஷ்யக் கரடியை ரக்கெட் என்கிறார். கரடிக்கு ஏது மேடுபள்ளம்? அதோட மயிரைத்தான் சொல்றார்.

அப்புறம் பாதை பிரிஞ்சது. ரஃப் கைக்குப் பக்கத்துலயே நின்னுடுச்சு: உப்புத்தாள், பூசாத சுவர், ரெண்டு நாள் தாடி. ரக்கெட் மலைக்கும் பாறைக் கரைக்கும் போயிடுச்சு. வெயிலும் காத்தும் பட்டு இறுகின முகத்துக்கும் அதைச் சொல்றதுண்டு, ஆனா சோப்பு விக்க அது உதவாது! அமெரிக்காவில் அதுக்கு 'உறுதியான' என்ற பொருளும் சேர்ந்தது. வழவழன்னு இருக்கிற போன் கவரைக்கூட ரக்கெட்னு விக்கிறது அதனாலதான்.

இன்னொண்ணு, ஜாகெட். தமிழ்ல எழுதினா பிளவுஸ் மாதிரி தெரியுது. வேடிக்கை என்னன்னா, இதுவும் துணி சமாச்சாரம்தான். இடைக்கால ஐரோப்பாவில் உடையோட ஓரத்தைப் பல் பல்லா வெட்டி விடுறது ஃபேஷன். அந்த வெட்டுதான் 'ஜாக்'. அதனால உடைஞ்ச பாட்டில் ஜாகெட், கையைக் கிழிக்கும். பம்ப்பியோ 16ஆம் நூற்றாண்டுச் சொல்லான 'பம்ப்'பிலிருந்து வந்தது: அடி, அடிபட்டு வீங்கின புடைப்பு. அதனால பம்ப்பி ரோடு தூக்கித்தான் போடும், கிழிக்காது.

கோர்ஸ்? அது துகளோட அளவு. கல் உப்பைத் தொட்டா ரஃப், தூள் உப்புக்குப் பக்கத்துல வச்சா கோர்ஸ்.

அந்த விளம்பரத்துல கடைசியில 'டிரை ஸ்கின்'னு மாத்திட்டாங்க. 'ரஃப்'னு போட்டிருந்தாலே போதும். அன்னைக்கு அதைச் சொல்ல எனக்கும் தெரியலை, சிரிச்சவங்களுக்கும் தெரியலை.