ஊசிச் சீட்டுக்கு ஓர் உரை

சிறுநீர்த் தொற்றுக்காக நாமக்கல்லிலோ சேலத்திலோ மருத்துவமனையில் சேர்ந்த சர்க்கரை நோயாளி, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குக் கிளம்புகையில் வாங்கும் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எர்டாபெனம் 1 கிராம், 100 மி.லி. சலைனில், அரை மணி நேரம், தினம் ஒரு வேளை. இன்னும் 5 நாள், வெளிநோயாளியாக. கிரியேட்டினின் பார்க்கவும். குளிர்காய்ச்சல், கை வீக்கம் இருந்தால் உடனே வரவும்."

எர்டாபெனம் 1 கிராம்: ஈ.எஸ்.பி.எல். என்னும் நொதியைச் சுரக்கும் ஈ.கோலை கிருமி, செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசிகளை உடைத்துவிடும். பல மாத்திரைகளுக்கும் அடங்காது. அப்போது கார்பபெனம் வகைக்குப் போக வேண்டியிருக்கிறது. அதில் மெரோபெனத்தை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நோயாளி வார்டிலேயே கிடக்க வேண்டியதுதான். எர்டாபெனம் ரத்தப் புரதத்தோடு ஒட்டி நெடுநேரம் தங்குவதால் ஒரு வேளை போதும். வீட்டுக்கு அனுப்ப முடிவது இந்த ஒரு குணத்தால்தான். சூடோமோனாஸ் கிருமியிடம் இது பலிக்காது. ஆகவே கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடவும். இந்த ஊசி ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவைச் சரித்து, அடங்கியிருந்த வலிப்பைக் கிளப்பிவிடக்கூடும்.

சலைனில், அரை மணி நேரம்: குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் மருந்து சிதையும். பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்பவர்கள் சீட்டைக் காட்டிவிட்டுக் கையை நீட்டவும்.

வெளிநோயாளியாக: சீட்டின் உயிர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவில் நுரையீரல் நோயுள்ள குழந்தைகளுக்கு இப்படி வீட்டில் வைத்தே நரம்பு ஊசி போட்டதாக முதலில் எழுதினார்கள். பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. ஆள் பார்த்து அனுப்பினால், படுத்துக்கிடந்தவரைவிடக் குணம் குறைவதில்லை; வார்டுக் கிருமி தொற்றும் பயமும் குறைவு.

செலவு? பெட் சார்ஜ் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பங்கு குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவர் தினமும் ஊசிக்குப் போய்வந்தால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போச்சு. 2021 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு வரும் கணவருக்கு உண்டு. தனியார் காப்பீட்டின் பொது விதியோ, 24 மணி நேரமாவது உள்ளே படுத்திருந்தால்தான் பணம் என்கிறது. டே கேர் சிகிச்சைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. தினசரி ஊசி பெரும்பாலும் அதில் சேராது. ஆகவே நடமாட முடிந்தவரும் பில்லுக்காகக் கட்டிலில் கிடக்கிறார். என் பார்வையில் இது மருத்துவக் காரணம் அல்ல, கணக்குப்பிள்ளைக் காரணம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம், ரத்த அழுத்த மாத்திரையையும் சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் பையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்த வழியில் இந்த ஊசிக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

இன்னும் 5 நாள்: நாளைக் குறைக்கவும் கூட்டவும் நமக்கு உரிமை இல்லை. கேட்க உரிமை உண்டு: "டாக்டர், இதை மாத்திரையில் முடிக்க முடியுமா?" எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு பிரிட்டனில் 1,054 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஓவிவா ஆய்வில், சிகிச்சை தோற்றது நரம்பு ஊசியில் 14.6 சதவீதம், மாத்திரையில் 13.2 சதவீதம். சிறுநீர்த் தொற்று வேறு நோய், கிருமியும் வேறாக இருக்கலாம். ஆனாலும் ஊசிதான் உசத்தி என்ற நம்பிக்கையை இது ஆட்டிப் பார்க்கிறது. கல்ச்சரில் ஏதாவது ஒரு மாத்திரைக்குக் கிருமி அடங்கும் என்று வந்திருந்தால், ஊசிச் செலவே இல்லாமல் போகலாம்.

கிரியேட்டினின் பார்க்கவும்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இது; காசு மிச்சம் பிடிக்கப் பலர் விட்டுவிடும் வரி. சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்திருந்தால் ஒரு கிராம் அதிகம். அரை கிராமாகக் குறைப்பார்கள். குறைக்காவிட்டால் வயதானவர் திடீரென்று தடுமாறிப் பேசலாம், வலிப்பும் வரலாம்.

உடனே வரவும்: எங்கே, எப்போது? சீட்டு சொல்லவில்லை. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) குத்திய இடம் சிவந்து வலித்தால், அடுத்த ஊசி வரை காத்திராமல் அன்றே எடுக்கச் சொல்லவும். குளிர்காய்ச்சலோ இரவு 2 மணிக்கும் வரும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, இரவில் எடுத்துப் பேசக்கூடிய ஒரு போன் நம்பரைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.